ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் முப்பத்தேழு

என் அக்கா வீட்டுக்காரர் ராஜசேகரன் தன் வாழ்நாளில் இரண்டே இரண்டு பொய் சொல்லியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயதுக்கு இரண்டு என்பது பெரிய விஷயமில்லை. நானெல்லாம் காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் இரண்டு சொல்லிவிடுகிற ஆள். ஆனால் அவர் சொன்ன இரண்டிலும் எனக்குப் பங்கு உண்டு. அதனால்தான் அவர் கதையை நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவரிடம் விட்டால் எழுதமாட்டார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலைதான். என் பெயர் தங்கராஜு. பஸ் ஓட்டுகிறேன். சிங்கப்பூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிற ஆட்களை விடியுமுன் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டுவது என் பிழைப்பு. என் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டு வருகிறவள் என் அக்கா செல்வராணி. பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு மட்டும் ஓய்வு.

மச்சானுக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. எந்த ஆய்வுக்கூடம் என்று சொல்லப் போவதில்லை. புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து ஆராய்ச்சி செய்கிற இடம் என்று மட்டும் தெரிந்தால் போதும். அவர் படித்தது பள்ளியிறுதி ஐந்தாம் படிவம் வரைதான். குப்பிகளைக் கழுவுவார், தரையைத் துடைப்பார், வேண்டாத செல்களைக் கொதிக்கவைத்துக் கொட்டுவார். ஆனால் அவர் பெருமைப்பட்டுக்கொண்டது வேறு ஒரு வேலைக்கு. தினமும் காலை பத்து மணிக்கு மூன்று பெட்டிகளின் சூட்டைப் பார்த்துத் தாளில் எழுதுவார். தேதி, நேரம், மூன்று எண்கள், கடைசியில் கையெழுத்து. பத்து வருடத்துத் தாள்களைக் கோப்பு கோப்பாக அடுக்கி வைத்திருந்தார். ஒரு கட்டம் காலி கிடையாது, ஓர் எண் அடித்துத் திருத்தியது கிடையாது.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். செல்கள் உயிரோடு இருக்க நம் உடம்புச் சூடு வேண்டும். முப்பத்தேழு டிகிரி. பெட்டி குறைந்தால் ஏற்றிக்கொள்ளும். ஆனால் கூடினால் அதற்கு ஒன்றும் செய்யத் தெரியாது. சூடேற்றத் தெரிந்த பெட்டி, குளிரவைக்கத் தெரியாது. அறை குளுமையாக இருந்தால்தான் அது தன் முப்பத்தேழில் நிற்கும். அந்த அறையிலோ ஆள் உயரத்துக்கு இரண்டு உறைபெட்டிகள் இராப்பகலாகச் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். மூன்றாம் பெட்டி அவற்றின் முதுகோடு ஒட்டி நிற்கிறது. அறையைக் குளிரவைக்கச் சுவரில் ஒரு பழைய ஏர்கோன். மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் அது நின்றுவிடும், தானாகத் திரும்பக் கிளம்பாது, யாராவது போய்த் தட்டிவிட வேண்டும். ஓய்வு நாளிலும் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது அதற்காகத்தான். எழுதுவது சாக்கு, அறைக்குள் நுழைவதுதான் வேலை. இது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஜொகூரில் பத்து வருடம் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஞாயிறு. இதனால் எத்தனை வீடு அவதிப்பட்டது என்று என் பஸ்ஸில் வருகிறவர்களைக் கேட்டால் தெரியும். மச்சான் வெள்ளிக்கிழமை தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுவார். அக்கா ஞாயிற்றுக்கிழமை அதையே செய்வாள். ஒரே மகளும் கல்யாணமாகி கோலாலம்பூருக்குப் போய்விட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஷிப்டு மாற்றிக் குடியிருந்த மாதிரிதான் அவர்கள் பத்து வருடம் வாழ்ந்தார்கள்.

போன வருடம் ஜனவரியில் விடுமுறை சனி ஞாயிறு என்று மாறியது. அக்கா சந்தோஷத்தில் புதுத் திரைச்சீலை எல்லாம் வாங்கினாள். ஆனால் பெட்டிகளுக்கு ஏது விடுமுறை? முன்பு வெள்ளிக்கிழமை மச்சான் போவார், சனிக்கிழமை ஆரிஃப் போவான். ஆரிஃப் அவரோடு வேலை செய்கிறவன், வெள்ளி தொழுகைக்குப் போக வேண்டும் என்பதால் அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். இப்போது சனி ஆரிஃபுக்கு, ஞாயிறு மச்சானுக்கு என்று ஆனது. ஜனவரியில் நான்கு ஞாயிறும் அவர் ஒன்பதரைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா வாசலில் நின்று பார்ப்பாள். எதுவும் சொல்லமாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது.

ஒருநாள் சாயங்காலம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம போயி அங்க என்ன மச்சான் எழுதுறீங்க?"

"முப்பத்தேழு."

"நேத்து என்ன எழுதினீங்க?"

"முப்பத்தேழுதான்."

"நாளைக்கி?"

"நாளைக்கியும் அதான் இருக்கும்."

"அப்ப வெள்ளிக்கெழமையே ஞாயித்துக்கெழமைக்கும் சேத்து எழுதி வச்சிட்டு வாங்க லா. இதுக்குப் போயி அக்காவ வாசல்ல நிக்க வைக்கிறீங்க."

அவர் சிரித்தார். "அது தப்பு தங்கா" என்றார். நான் விடவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வாரம் அவரைக் கேலி செய்தே கரைத்தேன். பெட்டிக்குத் தாலி கட்டியிருக்கிறீர்களா, எங்கள் அக்காவுக்குக் கட்டியிருக்கிறீர்களா என்று அவள் காதில் விழாமல் கேட்டேன். பிப்ரவரி முதல் வெள்ளி அவர் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் முன்கூட்டியே எழுதிவிட்டு வந்தார். அந்த ஞாயிறு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறும் ஆகவில்லை. மூன்றாவது ஞாயிறு நாங்கள் மூவரும் கடலோர ஊரான மெர்சிங் போனோம்.

என் பழைய காரில் ஏழு மணிக்குக் கிளம்பி, உலு திராம், கோத்தா திங்கி தாண்டிப் போனோம். அக்கா வழிநெடுகத் தூங்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். படகுத்துறையில் தீவுப் படகுகள் கட்டிக் கிடந்தன, மழைக்காலம் இன்னும் முழுதாக முடியவில்லை. அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். மச்சான் பேண்ட்டை மடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். "தங்கா, ஒரு படம் எடுடா" என்று அவள் போனை நீட்டினாள். எடுத்தேன். இரண்டு பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். மத்தியானம் சுட்ட மீன் சாப்பிட்டோம், வரும்போது கெரோப்போக் மீன் அப்பளம் வாங்கினோம். அவ்வளவுதான். வேறு எதுவும் நடக்கவில்லை. அந்தப் படத்தைத்தான் அக்கா தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டாள்.

இனிமேல் சொல்லப்போவது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் எட்டு மாதம் கழித்து.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்திருக்கிறது. சுவர் ஏர்கோன் நின்று கிடந்தது. மூன்றாம் பெட்டி கத்திக்கொண்டிருந்தது. அதன் திரையில், எட்டிய உச்சச் சூடு என்ற இடத்தில், நாற்பத்தொன்று புள்ளி மூன்று. மச்சான் முதலில் ஏர்கோனைத் தட்டினார். பிறகு பெட்டியின் கத்தலை நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். கத்தலோடு அந்த எண்ணும் அழிந்துவிட்டது. கோப்பைத் திறந்து பார்த்தார். ஞாயிறு, பத்து மணி, 37.0, தன் கையெழுத்து. அழகான கையெழுத்து வேறு.

எட்டு மணிக்கு லோஷினி வந்தாள். உலு திராமிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண், முதுகலை ஆராய்ச்சி மாணவி. மூன்றாம் பெட்டியில் இருந்தது அவளுடைய தட்டு. அவள் தட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கு அங்கிள். எல்லாம் உயிரோட இருக்கு" என்றாள். அவருக்குப் போன உயிர் வந்தது. செல்கள் சாகவில்லை, அதனால் ஒன்றும் கெடவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூடிய வாயைத் திறக்கவில்லை.

அவள் செய்தது இதுதான். புற்றுநோய்ச் செல்களின் மேல் ஏதோ ஓர் இலைச் சாற்றைப் போட்டு வாரக்கடைசி இரண்டு நாள் வைப்பாள். பிறகு, ரத்த தானத்தில் கிடைத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புச் செல்களை அவற்றின் மேல் விடுவாள். அவை நூறில் எத்தனையைக் கொல்கின்றன என்று எண்ணுவாள். சாறு போடாத தட்டையும் அதே மாதிரி எண்ணி ஒப்பிடுவாள். சாற்றின் வாடை மற்ற தட்டுகளுக்குப் போகக்கூடாது என்பதால் சாறு போட்டது மட்டும் மூன்றாம் பெட்டியில், போடாதது கதவோரம் இருந்த முதல் பெட்டியில். வழக்கமாக எல்லாம் இருபதுக்குப் பக்கத்தில் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை சாறு போட்ட தட்டில் ஐம்பத்தேழு வந்தது.

அவள் மூன்று தடவை எண்ணினாளாம். பிறகு சேமிப்பு அறைக்கு ஓடிவந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், இது நடக்குது அங்கிள்." மறுநாள் அவள் அம்மா செய்து கொடுத்த கேசரியை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். மச்சான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நானும் அதில் ஒரு வாய் சாப்பிட்டேன்.

அவளுடைய பேராசிரியர் டாக்டர் ஷாமளா. அவர் அந்த எண்ணை மேலிடத்துக்குச் சொன்னார், ஒரு மாநாட்டுக்கும் எழுதி அனுப்பினார். பிறகு திரும்பச் செய் என்றார். லோஷினி செய்தாள், இருபத்தொன்று. மறுபடி செய்தாள், பத்தொன்பது. மூன்றாம் தடவை இருபத்திரண்டு. ஐம்பத்தேழு திரும்பி வரவே இல்லை. அது எப்படி வரும்? இலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையே. ஆனால் அப்போது அங்கே அது யாருக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் முதலில் கிசுகிசுத்தார்கள், பிறகு சத்தமாகவே பேசினார்கள். இல்லாத எண்ணைச் சமைத்து எழுதிவிட்டாள் என்றார்கள்.

ஏப்ரலில் டாக்டர் ஷாமளா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். லோஷினி அழவில்லையாம். அவளே யோசித்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "அந்த வீக்கெண்ட் மூணாம் பெட்டி சூடாகியிருக்குமா டாக்டர்?" எவ்வளவு கெட்டிக்காரப் பெண் பாருங்கள். சரியான கதவைத்தான் தட்டியிருக்கிறாள். கோப்பை எடுத்துவரச் சொல்லி மச்சானைக் கூப்பிட்டார்கள்.

"ராஜா, ஞாயித்துக்கெழம ரீடிங் எடுத்தது நீங்கதானே?"

"ஆமா டாக்டர்."

"முப்பத்தேழா?"

மச்சான் தாளைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

"முப்பத்தேழு, டாக்டர்."

அதுதான் முதல் பொய். வேலை போய்விடும் என்று பயந்தீர்களா என்று பின்னால் கேட்டேன். அதுகூட இல்லை என்றார். ஒரு ஞாயிறு பொய் என்று சொல்லிவிட்டால் பத்து வருடத்து உண்மையும் பொய்யாகிவிடும் என்று தோன்றியதாம். அந்தக் கோப்புகளைத் தவிர அவர் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பரிதாபமும் வந்தது. என்மேல் வந்ததை இங்கே எழுத முடியாது.

டாக்டர் ஷாமளா சந்தேகத்தோடு இன்னும் தாளைப் புரட்டியிருக்கிறார். லோஷினிதான் கையை நீட்டிக் கோப்பை மூடினாள். "அங்கிள் எழுதினா சரியாத்தான் டாக்டர் இருக்கும். என் கையிலதான் ஏதோ தப்பு."

ஜூனில் அவள் படிப்பை விட்டுப் போனாள். யாரும் துரத்தவில்லை. உதவித்தொகையை நீட்டிக்கவில்லை, அவ்வளவுதான். போகும்போது மச்சானிடம் சொல்லிக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு அவர் ஒரு ஞாயிற்றையும் விடாமல் ஆய்வுக்கூடம் போனார். அக்கா மறுபடியும் வாசலில் நின்றாள். ஏன் இப்படி மாறிவிட்டார் என்று என்னைக் கேட்டாள். எனக்கும் அப்போது தெரியாது, வேலை கூடிவிட்டதாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபரில் வெளியூரிலிருந்து ஒரு ஆராய்ச்சியாளர் அங்கே வந்து பேசினார். மச்சானுக்கு அரங்கத்தில் நாற்காலி போடுகிற வேலை. போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். திரையில் நான்கு எண்கள் வந்தன. முப்பத்தேழு, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, கோடுகள் மேலே ஏறின. அவருக்கு ஆங்கிலம் பாதி புரியும். அன்றைக்கு முழுதாகப் புரிந்தது என்றார்.

புற்றுநோய்ச் செல் நம் உடம்பின் காவல்காரர்களிடம் நல்லவன் மாதிரி நடித்துத் தப்பிக்கிறது. அதைக் கொஞ்சம் சுட்டால், சாகாவிட்டாலும் நிலைகுலைந்துபோகும். ஆபத்து என்று சொல்கிற புரதங்கள் அதன் மேல்தோலுக்கு வந்து நிற்கும். அதைப் பார்த்து எதிர்ப்புச் செல்கள் ஆளை அடையாளம் கண்டு அடிக்கும். ஆனால் டிகிரி மட்டும் தெரிந்தால் போதாது, எத்தனை மணி நேரம் என்பதும் தெரிய வேண்டும் என்றாராம் பேச வந்தவர். நேரம் கூடிப்போனால் செல் அந்தச் சூட்டுக்கே பழகி முன்னைவிடக் கெட்டியாகிவிடும்.

மச்சான் நாற்காலிகளை மடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டார். நேராக என் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தேழு உண்மை என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். "அந்தப் பொண்ணு பொய் சொல்லல தங்கா. நான்தான் சொன்னேன். ஒலகத்துல இது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அலாமாக் என்று தலையில் கையை வைத்துக்கொண்டேன். மெர்சிங் போன காலைதான் நினைவுக்கு வந்தது. என் முதல் புத்தி என்ன சொன்னது தெரியுமா? விட்டுவிடுங்கள் மச்சான், பழைய கதை, அவளும் எங்கேயோ வேலைக்குப் போயிருப்பாள் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் எழுதி முடித்ததும் அங்கிருந்தே அவரை ஏற்றிக்கொண்டு உலு திராம் போனேன். அக்காவிடம் ஒரு சாவு வீடு என்று சொன்னேன். அந்தப் பொய் என் கணக்கு, அவருடையது அல்ல. காரணம் அவளுக்குத் தெரியக்கூடாது என்று அவர் கெஞ்சினார். "அவ சந்தோஷமா இருந்த ஒரே ஞாயிறு அது. அதப் போயி நான் எப்படிச் சொல்றது?"

லோஷினி இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அவள் அம்மா பிரேமலா எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். மச்சான் சுற்றி வளைக்கவில்லை. நான் அன்று அங்கே போகவில்லை, முன்பே எழுதி வைத்தேன், திங்கட்கிழமை பெட்டி கத்தியது, பொத்தானை அழுத்தி அழித்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரேமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். லோஷினி திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எவ்ளோ காட்டுச்சு அங்கிள்?"

"நாப்பத்தொண்ணு புள்ளி மூணு."

அவள் முகம் மாறியது. எனக்கு அந்தப் பெண்ணை முன்பின் தெரியாது. ஆனால் கேசரி டப்பாவோடு வந்த முகம் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"எத்தன மணி நேரம் அப்படி இருந்துச்சு?"

"தெரியாதும்மா."

"ஏர்கோன் எப்ப நின்னுச்சு? சனிக்கெழமையா, ஞாயித்துக்கெழமையா?"

"சனி பத்து மணிக்கு ஆரிஃப் பாத்தான், சரியா இருந்துச்சு. அதுக்கப்பறம் தெரியாது."

"ஞாயிறு பத்து மணிக்கு?"

ஞாயிறு பத்து மணிக்கு என்ன இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே இடத்தில் அவர் கையெழுத்தில் 37.0 என்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பது இனி யாருக்கும் கிடைக்காது என்று புரிந்துகொண்டு அவள் மெதுவாகப் பின்னால் சாய்ந்தாள். முகம் மறுபடி பழையபடி ஆகிவிட்டது. "எட்டு மாசமா என் கைய நானே நம்பல அங்கிள்" என்றாள். "ரத்தம் எடுத்து லேபல் ஒட்டுறப்ப நாலு தடவ பாக்குறேன். க்யூவுல நிக்கிறவங்க திட்டுறாங்க." அப்புறம் எழுந்து காலிக் கோப்பைகளை உள்ளே கொண்டுபோனாள். திரும்பி வரவில்லை. பிரேமலாதான் எங்களை வாசல்வரை வந்து அனுப்பினார்.

மறுநாள் மச்சான் டாக்டர் ஷாமளாவிடம் போய்ச் சொன்னார். எழுதியும் கொடுத்தார். என்ன ஆயிற்று என்று நினைக்கிறீர்கள்? நம்பவில்லை. "ராஜா, ஒங்க மனசு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க. பத்து வருஷத்துல ஒரு கட்டம் விட்டதில்ல நீங்க." மேலிடத்துக் குழுவும் அதையேதான் சொன்னது. நினைவை வைத்துப் பதிவை மாற்ற முடியாதாம், பதிவு ஒழுங்காக இருக்கிறதாம். பொய் சொன்னபோது கண்ணை மூடி நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போது ஆதாரம் கேட்கிறார்கள். மச்சான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

ஆதாரம் இருந்தது. எனக்கும் மச்சானுக்கும் அது தெரியும், இரண்டு பேரும் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்காவின் போனில் இருக்கிற படம். பிப்ரவரி இருபத்துமூன்று, காலை பத்து பன்னிரண்டு, மெர்சிங் படகுத்துறை. பத்து மணிக்கு ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்ட மனிதர் பன்னிரண்டு நிமிடத்தில் கடலில் நிற்க முடியாது.

மூன்றாம் நாள் நான் அவர் வீட்டில் இருக்கும்போதே அவர் அக்காவிடம் கேட்டுவிட்டார். அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எனக்கு அனுப்பு என்றார். எதற்கு என்று அவள் கேட்டாள். சொன்னார், ஒன்று விடாமல். அவள் கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள்.

"தெனமும் பஸ்ல ஏறின ஒடனே இதப் பாத்துட்டுத்தான் தூங்குவேன்" என்றாள். "அந்தப் புள்ள அங்க அழுதுகிட்டு இருந்திருக்கு. நான் இங்க இதப் பாத்துச் சிரிச்சிகிட்டு இருந்திருக்கேன்."

அப்புறம் அனுப்பினாள். அவள் அழவில்லை. மீதிக் காயையும் நறுக்கி முடித்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் அவள் போனின் முகப்பில் படம் இல்லை, ஏதோ போனோடு வந்த பூ இருந்தது.

டிசம்பரில் குழு மறுபடி கூடியது. லோஷினி எண்களைப் பொய்யாக எழுதவில்லை, பெட்டியின் வெப்பநிலை நம்பத்தக்கதாக இல்லை என்று அவளுக்கு ஒரு கடிதம் போனது. அவள் இடத்தில் வேறொரு மாணவி வந்துவிட்டாள், வேண்டுமானால் அடுத்த சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது. அவள் விண்ணப்பித்தாளா என்று எனக்குத் தெரியாது. மச்சானின் பத்து வருடக் கோப்புகளை ஒரு பெட்டியில் போட்டு ஒட்டி எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அவரைச் சேமிப்பு அறைக்கு மாற்றினார்கள். கையுறைப் பெட்டிகளை அடுக்குகிறார். ஞாயிற்றுக்கிழமை இப்போது வேறொருவர் முறை. அதனால் ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். அக்கா பத்து வருடமாகக் கேட்டது கடைசியில் கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், வெளியே எங்கேயும் போவதில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிறு என்னை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா பரிமாறியபடியே, ரொம்ப நாள் மனதில் வைத்திருந்ததுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, ஒங்களுக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் வராதே. முன்னாடியே எழுதி வச்சிட்டு வரலாம்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மச்சான் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்கு டாக்டர் ஷாமளா முன்னால் தாளைப் பார்த்துக்கொண்டு திணறிய மனிதர், இந்தத் தடவை அவள் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

"யாரும் சொல்லல. நானாத்தான்."

அக்கா ரசப் பாத்திரத்தை எடுத்தாள். நான் தட்டை நீட்டினேன்.